தோருவின் சொந்தக்காரி

சாவு வீட்டில் எலும்பு பிரிப்பது லேசான வேலை என்று நினைப்பவர் எங்கள் மலையூர் சூசாமிரில் ஒரு சாவுக்காவது வந்து நின்று பார்க்க வேண்டும். குதிரையை அறுத்து, கொப்பரைகளில் வேகவைத்து இறக்கியபின், எந்த எலும்பு யார் தட்டுக்குப் போகிறது என்பதில்தான் செத்தவருடைய மானமே இருக்கிறது. இடுப்பெலும்பு மூத்த ஆணுக்கு. வாலடித் துண்டு மூத்த பெண்ணுக்கு. நெஞ்செலும்பு மருமகனுக்கு. இது மாறிப்போனால் செத்தவரை நாங்கள் மறந்துவிடுவோம், தட்டை மறக்கமாட்டோம். எப்போதோ ஒரு சாவில் ஒரு தொடையெலும்பு வழிதவறிப் போனதற்காக இன்றுவரை முகம் கொடுத்துப் பேசாத இரண்டு குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. அன்றைக்குச் செத்தது யார் என்று கேட்டால் இரண்டு வீட்டாருக்குமே தெரியாது.

அந்த எலும்பு பிரிக்கும் வேலையை முப்பது வருஷமாகச் செய்துவந்தவர் ஜுமாகாதிர். கணவாய்ச் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர்தான். ஆனால் ஊருக்கு அவர் வண்டிக்காரர் இல்லை, எலும்புக்காரர். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முல்லாவுக்கு முன்னால் அவருக்குத்தான் ஆள் போகும். கையைக் கழுவிக்கொண்டு கொப்பரைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டால் அவருக்குத் தளபதி மிடுக்கு வந்துவிடும். அந்த மிடுக்கைப் பார்த்து முதலில் சிரிப்பவரும் அவர்தான். "செத்தவன மண்ணுக்கு அனுப்புறது முல்லா வேலை. ஊர் வாய்க்கு அனுப்பாம இருக்கிறது என் வேலை. ரெண்டுல எது கஷ்டம்னு நீங்களே சொல்லுங்க," என்பார்.

வேலை முடிந்து திரும்பும்போது அவருடைய பங்கு பிளாஸ்டிக் பையில் வீட்டுக்கு வரும். விருந்தில் கிடைத்த எலும்பை அங்கேயே தின்று தீர்த்துவிட்டு வெறுங்கையோடு வருகிறவன் எங்கள் ஊரில் குடும்பஸ்தன் இல்லை. மனைவி துமார் பையை வாங்கித் தட்டில் கொட்டுவாள். அப்போதுதான் ஜுமாகாதிர் தன் பிரசங்கத்தை ஆரம்பிப்பார். "இது அநியாயம், துமார். செத்தவன் வீட்டு முற்றத்தையே வழிச்சுத் துடைச்சுத் தின்னுட்டு வர்றோம். அந்தக் காலத்துல மாஸ்கோ கட்சிக்காரன் வேண்டாம்னான். இப்ப முல்லா வேண்டாங்கிறார். எவன் கேக்குறான்?"

"மொதல்ல வாயில இருக்கிறத முழுங்குங்க," என்பாள் துமார்.

ஊருக்குத்தானே உபதேசம். அவரும் முழுங்கிவிட்டு அடுத்த துண்டை எடுப்பார்.

அவர் அறுபத்தெட்டாம் வயதில் இருந்தபோது, ஒரு வசந்த காலத்தில், நெஞ்சில் யாரோ குதிரைச் சேணத்தை வைத்து இறுக்குவதுபோல் வலி வந்தது. ஊர் மருந்தகத்தை நடத்தும் சாலிமா வந்து கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தாள். அவளுக்குப் பேச்சில் நெளிவு சுளிவு கிடையாது. "இதயம்தான். இந்தத் தடவை சொல்லிட்டுப் போயிருக்கு. அடுத்த தடவை சொல்லாம வரும்," என்றாள்.

அவள் போனபின் ஜுமாகாதிர் வாசல் படியில் உட்கார்ந்தார். முற்றத்தில் தோரு நின்றிருந்தது. செங்கபில நிறப் பெண்குதிரை, காலடியில் புதுக்குட்டி. அவருக்கும் துமாருக்கும் மிஞ்சியிருந்த பெரிய சொத்து அதுதான். மற்றவையெல்லாம் மகன் எர்மெக்கின் கல்யாணத்திலும் அவனை மாஸ்கோவுக்கு வேலைக்கு அனுப்பியதிலும் போய்விட்டன. கோடையில் துமார் ஊரை ஒட்டிய மேய்ச்சல் மலையில் தோருவைக் கறந்து, பாலைத் தோல்பையில் புளிக்க வைத்து, சாலையோரத்தில் லாரிக்காரர்களுக்குக் குமிஸாக விற்பாள். குளிர்காலத்துக்கான நிலக்கரியும் மாவும் அதிலிருந்துதான். தோரு துமாரைத் தவிர வேறு யாரையும் மடியைத் தொட விடாது. ஜுமாகாதிரை இரண்டு முறை கடித்திருக்கிறது.

அவர் தோருவைப் பார்த்தார். முப்பது வருஷப் பழக்கம் சும்மா விடுமா? கண் பாட்டுக்கு அதைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டது. இந்த இடுப்பெலும்பு பெரியப்பா மகன் கெங்கேஷுக்கு. இன்னொன்று முல்லாவுக்கு. விலா இறைச்சியையும் கொழுப்பையும் குடலில் அடைத்தால் எட்டுத் தட்டுக்குக் காணும். பின்னங்கால் அக்கரை ஊர் சம்பந்திகளுக்கு. தட்டுகள் வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தன, எல்லாம் சரியாக வந்தது, ஒருவருக்கும் குறையில்லை. அப்புறம்தான் அது யாருடைய சாவு விருந்து என்று அவருக்கு உறைத்தது. விருந்து முடிந்த மறுநாள் காலையில் பால் வாளியோடு துமார் வெறும் முற்றத்தில் நிற்பதும் கண்ணில் பட்டது. அவருக்கு நெஞ்சுவலியைவிட அது அதிகமாக வலித்தது.

"துமார், நாளைக்குக் கணவாய் தாண்டிப் போறோம். நோட்டரியப் பாக்கணும்," என்றார்.

கணவாய்க்கு அப்பால் காராபால்தா நகரத்தில் இருந்த நோட்டரிப் பெண்ணின் பெயர் ஜஸ்குல். எர்மெக்கைவிடச் சின்னவள். ஜுமாகாதிர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தளபதி குரலில் சொல்லத் தொடங்கினார். "எழுதிக்கோம்மா. நான் செத்தா குதிரை அறுக்கக் கூடாது. மாடு கூடாது. ஆடுகூட வேண்டாம். வர்றவங்களுக்கு டீ, ரொட்டி. ரொம்ப அழுறவங்களுக்கு ஜாம்."

ஜஸ்குல் பேனாவைக் கீழே வைத்தாள். "எழுதறேன், பெரியவரே. ஆனா நீங்க போனப்புறம் கத்தியத் தீட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறவங்கள இந்தக் காகிதம் கையப் புடிச்சு நிறுத்தாது."

"அப்புறம் சட்டம்னு ஒண்ணு எதுக்கு?"

"சட்டம் சொத்துக்குத்தான். குதிரை யாருக்குச் சேரும்னு கேளுங்க, சொல்றேன். ஊரு என்ன பேசும்னா அத எங்க அம்மாகிட்டதான் கேக்கணும்."

ஜுமாகாதிருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. தோருவின் கதையைச் சொன்னார். ஜஸ்குல் கேட்டுவிட்டு, "கல்யாணத்துக்கு அப்புறம் வாங்கின குதிரைதானே? அப்ப அதுல பாதி இப்பவே அம்மாவோடது," என்றாள்.

"எந்தப் பாதி?" என்றார் ஜுமாகாதிர். கிண்டலாகக் கேட்கவில்லை. எலும்புக்காரருக்குப் பாதி என்றால் எந்த மூட்டிலிருந்து என்பது முக்கியம்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த துமார், "கடிக்கிற பாதி இவருக்கு, கறக்கிற பாதி எனக்கு. இத்தன நாளும் அப்படித்தானே நடக்குது," என்றாள்.

ஜஸ்குல் சிரித்துவிட்டு விளக்கினாள். மீதிப் பாதியை உயிலில் எழுதலாம். ஆனால் உயில் என்பது செத்தபின்தான் பேசும், அதற்குள் குதிரையும் பேச முடியாத நிலைக்குப் போயிருக்கும். இப்போதே தானமாகக் கொடுத்துவிட்டால் சங்கதி வேறு. "நீங்க சாகும்போது உங்ககிட்ட குதிரையே இருக்காது, பெரியவரே. செத்தவரோட குதிரைன்னு யாரும் கைவைக்க முடியாது."

ஜுமாகாதிர் மேஜையைத் தட்டினார். ஊரை ஏமாற்ற இவ்வளவு சுலபமான வழி இருக்கிறது என்பது முப்பது வருஷமாக யாருக்கும் தோன்றவில்லையே என்று அவருக்குத் தன்மேலேயே ஒரு மரியாதை வந்துவிட்டது.

"சரி அம்மா, நீங்க சொல்லுங்க. யாருகிட்டருந்து தானம் வாங்கறீங்க?" என்று ஜஸ்குல் துமாரைக் கேட்டாள்.

துமார் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். "இதோ உக்காந்திருக்காரே."

"பேரு சொல்லணும்."

"எர்மெக்கோட அப்பா."

புருஷன் பெயரைச் சொன்னால் நாக்கு அழுகிவிடும் என்று துமாரும் நம்பவில்லை. ஆனால் நாற்பத்தொரு வருஷமாகச் சொல்லாத பெயரை ஒரு குதிரைக்காகச் சொல்வதா? ஜஸ்குல் வீட்டிலும் இதே வழக்கம்தான் போலிருக்கிறது. அவள் வற்புறுத்தாமல் அடையாள அட்டையைப் பார்த்துத் தானே வாசித்தாள், துமார் தலையாட்டினாள். கையெழுத்துக்கு முன்னால் ஜஸ்குல் ஜுமாகாதிர் பக்கம் திரும்பி, "ஒண்ணு புரிஞ்சுக்கோங்க. இதுக்கப்புறம் குதிரை முழுக்க அம்மா இஷ்டம். விக்கலாம், யாருக்காவது குடுக்கலாம், என்ன வேணா பண்ணலாம். நீங்க குறுக்க பேச முடியாது," என்றாள்.

"அவ என்ன பண்ணப்போறா? கறப்பா," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார் ஜுமாகாதிர்.

திரும்பும் வழியில் கணவாய் உச்சியில் வண்டி மூச்சு வாங்க நின்றபோது துமார் கேட்டாள். "இப்ப அது நெஜமாவே என்னோடதா?"

"முழுசா."

"சரி," என்றாள் துமார். ஜுமாகாதிர்தான் ஊர் வந்து சேரும்வரை பேசிக்கொண்டே வந்தார்.

தவளை தன் வாயால் கெடும். காரியத்தை முடித்துவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால் ஊருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் சாமர்த்தியம் பண்ணிவிட்டு அதைச் சொல்லாமல் இருக்க ஜுமாகாதிரால் முடியுமா? ரொட்டிக் கடையில் சொன்னார், மசூதி வாசலில் சொன்னார், கெங்கேஷிடம் வீடு தேடிப் போய்ச் சொன்னார். கெங்கேஷ் எங்கள் வம்சத்தில் மூத்தவர். எந்த வீட்டுக் குதிரையைக் கண்டாலும் விலாவில் உள்ளங்கையை வைத்து, எத்தனை விரல் கொழுப்பு என்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்காரரை நலம் விசாரிப்பார். தோருவுக்கு மூன்று விரல் என்று போன இலையுதிர் காலத்திலேயே சொல்லிவைத்திருந்தார்.

"அப்ப நீ இப்ப குதிரை இல்லாத ஆளு," என்றார் கெங்கேஷ், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு. "சொர்க்கத்துக்கு நடந்தே போயிடுவியா, தம்பி?" சாவுக்கு அறுத்த குதிரையில் ஏறித்தான் செத்தவர் சொர்க்கம் போவார் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

"மெதுவாப் போய்க்கிறேன் அண்ணே. எனக்கு என்ன அவசரம்?"

"போ, போ. டீயக் குடிச்சுட்டுத் தெம்பா நட."

அந்தக் கோடை முழுக்க ஊருக்கு அதுதான் பொழுதுபோக்கு. ஜுமாகாதிர் தோரு மேல் ஏறித் தெருவில் போனால், இளவட்டங்கள் நேராகத் துமாரிடம் ஓடிப்போய், "அத்தை, உங்க குதிரைய யாரோ ஓட்டிட்டுப் போறாரு. உத்தரவு குடுத்தீங்களா?" என்று கேட்பார்கள். துமாரும் யோசிப்பதுபோல் நின்று, "இருட்டுறதுக்குள்ள திருப்பிக் கொண்டாரச் சொல்லுங்க," என்பாள்.

கோடை நடுவில் சூரான் என்ற கிழவர் செத்துப்போனார். ஜுமாகாதிருக்குத்தான் ஆள் வந்தது. செத்தவரைக் கிடத்தக் கூடாரம் போட்டிருந்தார்கள், உள்ளே பெண்கள் ஒப்பாரி பாடிக்கொண்டிருந்தார்கள், ஆண்கள் தடியை ஊன்றிக்கொண்டு தூரத்திலிருந்தே சத்தமாக அழுதுகொண்டு வந்தார்கள். ஜுமாகாதிர் கைகளைக் கழுவிக்கொண்டு கொப்பரைக்குப் பக்கத்தில் நின்றார். நல்ல குதிரை. ஒரு எலும்புகூட வழிதவறவில்லை. ஒரு மருமகனும் முகம் சுளிக்கவில்லை. எல்லாத் தட்டுகளையும் அனுப்பி முடித்துவிட்டுப் பசியோடு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

சூரானின் மூத்த மகன் பணிவாக வந்து அவர் முன்னால் ஒரு கிண்ணம் டீயும் ஒரு துண்டு ரொட்டியும் வைத்தான். "பெரியவரே, உங்க கொள்கை எங்களுக்குத் தெரியும். செத்த வீட்டு இறைச்சி உங்களுக்கு ஆகாதாமே. மரியாதைக் குறைவா நினைச்சுக்காதீங்க."

சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் எலும்பை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்கள், சிரிப்பை மறைக்க. கெங்கேஷ் மட்டும் மறைக்கவில்லை. இடுப்பெலும்பிலிருந்து ஒரு நீளத் துண்டைச் சீவி, அதை மெல்லப் பார்த்து, மெல்லவே தின்றார்.

கோபப்பட்டிருந்தால் ஊர் இன்னும் ஒரு வருஷத்துக்குச் சிரித்திருக்கும். ஜுமாகாதிர் ரொட்டியைப் பிய்த்து டீயில் நனைத்தார். "நல்ல ரொட்டி. இத யாரு பிரிச்சது? பங்கு ரொம்ப சரியா இருக்கு," என்றார். கிளம்பும்போது ஒரு பையும் கொடுத்தார்கள். அதிலும் ரொட்டிதான். வீட்டில் துமார் பையைத் தட்டில் கொட்டிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். அன்றைக்குப் பிரசங்கம் இல்லை.

"வாயில ஒண்ணும் இல்லியே. இன்னைக்குத் தாராளமாப் பேசலாமே," என்றாள்.

ஜுமாகாதிர் சிரித்துவிட்டார். வேறு என்ன செய்வது? ஆனால் அன்றைக்கு அவருக்குப் பட்ட அவமானம் துமாரின் நெஞ்சில் எங்கே போய் உட்கார்ந்தது என்பதை அவர் கவனிக்கவில்லை. அவர் தன் பசியைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார்.

இலையுதிர் காலத்தில் மலையிலிருந்து இறங்கி வந்த வாரத்தில், சேணத்தைக் கழற்றும்போது, அந்த இறுக்கம் மறுபடி வந்தது. சாலிமா சொன்னபடியே சொல்லாமல்தான் வந்தது. இரண்டு பேர் பிடித்துக் கொண்டுவந்து கட்டிலில் போட்டார்கள். சாலிமா வந்து ஊசி போட்டாள். வலி கொஞ்சம் தணிந்தது. "காராபால்தாவுக்குப் போகணும். அடைப்பு இருக்கு. அங்க போனா குழாய் விட்டு எடுத்துடுவாங்க. இங்க இருந்தா ராத்திரி தாங்குமான்னு எனக்குத் தெரியாது," என்றாள்.

"வேண்டாம்," என்றார் ஜுமாகாதிர்.

அவருக்குக் குழாய் என்றாலே பயம். ஆனால் அதை வெளியே சொல்ல முடியுமா? அதனால் தத்துவமாகச் சொன்னார். "முன்னப்பின்ன தெரியாதவன் முன்னால சட்டையில்லாமச் சாக மாட்டேன். என் வீடு, என் கட்டில், என் பொண்டாட்டி. எல்லாம் சட்டப்படி முடிச்சு வெச்சிருக்கேன். நிம்மதியாப் போறேன்."

துமார் அவர் கால்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கெஞ்சினால் தான் இளகிவிடுவோம் என்று அவர் பயந்தார். அவள் கெஞ்சவில்லை. அதுவும் அவருக்கு ஏமாற்றமாக இருந்தது.

சாலிமா ஒரு தாளை நீட்டினாள். "போகமாட்டேன்னா கையெழுத்துப் போடுங்க. அது உங்க உரிமை. யாரும் உங்கள இழுத்துட்டுப் போக முடியாது. மனசு மாறினா எப்ப வேணாலும் சொல்லலாம், அதுவும் உங்க உரிமைதான். ஆம்புலன்ஸ் வண்டி இன்னும் கொஞ்ச நேரம் வாசல்ல நிக்கும்."

கையெழுத்துப் போட்டார். அந்த வருஷத்தில் அவர் போட்ட இரண்டாவது பெரிய கையெழுத்து. இரண்டிலும் தன்னைப்போல் முன்யோசனைக்காரன் இல்லை என்ற நினைப்புதான்.

அதற்குள் செய்தி பரவிவிட்டது. உயிர் போகும்வரை காத்திருப்பது எங்கள் ஜனத்துக்கு வழக்கமில்லை, வேலை நிறைய இருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே முற்றத்தில் கெங்கேஷின் குரல் கேட்டது. "கூடாரத்த மேற்குப் பக்கம் போட்டா காத்து அள்ளிட்டுப் போயிரும். இப்படிச் சுவரோரமாப் போடலாம். கொப்பரை அங்க." காலடிகளால் அளக்கும் சத்தமும் கேட்டது. தன் கூடாரத்துக்கு இடம் பார்ப்பதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பது ஜுமாகாதிருக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. சுவரோரம் வேண்டாம், அங்கே புகை திரும்பும் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டார்.

துமார் எழுந்து வெளியே போனாள்.

கெங்கேஷ் தொண்டையைச் செருமினார். குரலில் கிண்டல் இல்லை. "ஏம்மா, தோருவப் பத்திக் கவலப்படாத. அத யாரும் தொட மாட்டோம். அவன் ஆசைப்பட்டபடி அது உன்னோடது. ஆனா வெறும் டீ குடுத்து அவன அனுப்ப மனசு வரல. என்கிட்ட ஒரு கிழட்டுக் குதிரை இருக்கு. அதக் கொண்டாந்து அறுத்துடறேன். நான் பேசினதெல்லாம் பேச்சுக்கு. அவன் என் தம்பி."

கட்டிலில் கிடந்த ஜுமாகாதிருக்குக் கண் கலங்கியது. கோடை முழுக்கத் தன்னைக் கேலி பேசிய மனுஷன் தன் குதிரையைக் கொடுக்கிறான். தோருவும் பிழைத்தது, மானமும் பிழைத்தது. இதைவிட நல்ல சாவு எந்தச் சட்டத்தில் கிடைக்கும்?

"வேண்டாம் மூத்தவரே," என்றாள் துமார். "தோருவ அறுக்கலாம்."

முற்றத்தில் காலடிகளால் அளக்கும் சத்தம் நின்றது.

"கறக்கிற குதிரைம்மா," என்றார் கெங்கேஷ். மூன்று விரல் கொழுப்பு என்று எண்ணிக்கொண்டிருந்த அதே கெங்கேஷ்தான். "யோசிச்சுச் சொல்லு. அடுத்த கோடைக்கு நீ என்ன பண்ணுவ? அவனும் வேண்டாம்னுதானே எழுதி வெச்சான்?"

"அவரு எழுதினது அவரு குதிரையா இருந்தப்ப. இப்ப அது என் குதிரை. காகிதம் பெட்டியில இருக்கு. எடுத்துட்டு வரவா?" துமாரின் குரல் உயரவில்லை. "முப்பது வருஷம் இந்த ஊர்ல ஒவ்வொருத்தர் வீட்டுப் பந்தியிலயும் நின்னு, எவன் மானமும் போகாம எலும்பு பிரிச்ச மனுஷன் அவரு. சூரான் வீட்ல அவரு முன்னால ரொட்டி வெச்சீங்க. சிரிச்சீங்க. அவரும் சிரிச்சாரு. நான் சிரிக்கல. எர்மெக்கோட அப்பா கடன் குதிரைல போகமாட்டாரு. கிழட்டுக் குதிரைல போகமாட்டாரு. இந்த ஊர்ல இருக்கிற நல்ல குதிரை அவருக்குத்தான். கத்தியத் தீட்டச் சொல்லுங்க."

ஜுமாகாதிர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். குறுக்கே பேச முடியாது என்று அந்த நோட்டரிப் பெண் சொன்னது அட்சரம் பிசகாமல் ஞாபகம் வந்தது. ஊரிடமிருந்தும் உறவுக்காரர்களிடமிருந்தும் குதிரையைக் காப்பாற்றத் தெரிந்த அதிபுத்திசாலி, அதைத் தன்மேல் உயிரையே வைத்திருக்கிற ஒருத்தியிடம் கொண்டுபோய் ஒப்படைத்திருக்கிறான். அவளை நோட்டரியும் தடுக்க முடியாது, கெங்கேஷும் தடுக்க முடியாது. நாற்பத்தொரு வருஷத்தில் அவள் ஒரு காரியத்தைச் செய்கிறேன் என்று சொல்லிச் செய்யாமல் விட்டதே இல்லை.

சிரிப்பு வந்தது. சிரித்தால் நெஞ்சு வலித்தது. கண்ணீர் காதுக்குள் ஓடியது.

"சாலிமா," என்று கூப்பிட்டார். சத்தம் போதவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டார்.

சாலிமா வாசலிலிருந்து ஓடிவந்தாள். "என்ன பெரியவரே? வலிக்குதா?"

"அந்தக் காகிதத்தக் கிழி. வண்டி போயிடுச்சா?"

"நிக்குது."

"அப்ப ஏத்து. சீக்கிரம். வெளிய கத்தி தீட்டிக்கிட்டு இருக்காங்க."

கெங்கேஷும் இன்னும் மூன்று பேரும் அவரைக் கம்பளத்தோடு தூக்கிப் பழைய ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். குளம்புச் சத்தம் கேட்டு ஜுமாகாதிர் தலையைத் திருப்பினார். தோரு வேலிக்குப் பின்னால் நின்று, யாரையாவது கடிக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தது. துமார் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது.

மேட்டில் ஏறத் தொடங்கியபின் அவர் கேட்டார். "நெஜமாவே அறுத்திருப்பியா?"

"அறுத்திருப்பேன்."

"சும்மா, நான் ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு சொன்ன பேச்சு இல்லியே?"

"எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் இல்ல. அதெல்லாம் உங்களுக்குத்தான்."

"அப்புறம் நீ எத வெச்சுப் பொழைப்ப, துமார்?"

"அது என் பாடு," என்றாள் துமார். குரல் அப்போதுதான் உடைந்தது. "நீங்க இல்லாம அந்தக் குதிரைய வெச்சு நான் என்ன பண்ண? எல்லாத்தையும் எழுதி வெச்சீங்களே, அத எழுதினீங்களா?"

ஜுமாகாதிர் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். நான் பிழைத்துவிட்டால் தோருவும் பிழைத்துவிடும் இல்லையா என்று கேட்கப் பார்த்தார்.

"பேசாதீங்க. மூச்ச விடுங்க. அதுதான் இப்ப உங்க வேலை," என்றாள் துமார்.

அவர் மூச்சு விட்டார். அதைக் கவனமாக, ஒன்றன்பின் ஒன்றாக, எதையும் தவறவிடாமல் செய்தார்.